கரையான் தின்ற எம்.ஜி. காரை விற்ற விவரம்

பின்னணி

கல்லிடைக்குறிச்சிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் கன்னடியன் கால்வாயை ஒட்டி ஓர் அரிசி ஆலை இருக்கிறது. ஓட்டம் நின்று பல வருடம் ஆகிவிட்டது. அதன் நெல் குடோன் மூலையில், தார்ப்பாய் போர்த்தி, நாலு பக்கமும் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தியபடி, 1952இல் பதிவான எம்.ஜி. என்கிற இங்கிலாந்துக் கம்பெனியின் டி.டி. மாடல் கார் ஒன்று கிடந்தது. இரண்டு பேர் உட்காரும் ஓப்பன் வண்டி. கேன்வாஸ் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம், முன்கண்ணாடியையும் பானெட் மேல் சாய்த்துவிடலாம், கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடியே கிடையாது, கதவின் கீல்கூட பின்பக்கம்தான்.

ஆலை முதலாளி அதை 1968இல் இரண்டாவது கையாக வாங்கினார். 2011இல் அவர் காலமானார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். பெரியவர் ஊரிலேயே இருக்கிறார், சின்னவர் சென்னையில், மகள் தூத்துக்குடியில். அப்பா நினைவாக வைத்துக்கொள்வோம் என்று பன்னிரண்டு வருடம் யாரும் தொடவில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழைதான் முடிவெடுக்க வைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்த மழைதான். தாமிரபரணி பெருகி, வாய்க்கால் நிறைந்து, குடோனுக்குள் காரின் ஃபுட்போர்டு வரை தண்ணீர் நின்றது. இனி இதைக் காப்பாற்ற நம்மால் ஆகாது, இருக்கும்போதே தெரிந்தவர் கையில் கொடுத்துவிடலாம் என்று அம்மாதான் முதலில் சொன்னார்கள்.

நான் பாளையங்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். முதலாளியின் அம்பாசடரை வருடக்கணக்கில் பார்த்தவன் என்பதால் பொங்கல் கழிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். கமிஷன் வேண்டாம், ஆளுக்கும் வண்டிக்கும் ஆகிற கூலி மட்டும் போதும் என்று முதலிலேயே பேசிக்கொண்டேன். விற்பவருக்கு யோசனை சொல்கிறவன் விலையில் சதவீதம் வாங்கினால் அவன் சொல்கிற யோசனையை யார் நம்புவது?

முதலில் கண்டது

டி.டி. மாடல் 1949 கடைசியிலிருந்து 1953 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்தது. 29,000க்கும் மேல் செய்தார்கள், அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போய்விட்டது. வலதுபக்க ஸ்டியரிங் வண்டி அந்தக் கணக்கில் கொஞ்சம்தான். சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் இரும்பு, பாடித் தகடும் இரும்பு, ஆனால் தகட்டுக்கு உள்ளே இருக்கிற கூடு முழுக்க ஆஷ் என்கிற மரம். இதைத் தெரியாமல் பார்த்தால் வண்டி ஏமாற்றிவிடும். வெளியே தகடு நன்றாகத்தான் இருந்தது.

கதவின் நுனியைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். கீல் தேய்ந்திருந்தால் கதவு மட்டும் ஆடும். இங்கே கதவோடு தூணும் சேர்ந்து மேலே வந்தது. பெரியவரிடம் ஆலையில் மூட்டைக்குள் செருகி அரிசி பார்க்கிற குத்தூசி இருக்கிறதா என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே எடுத்து வந்தார். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் மரத்தில் அதை வைத்து அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. வெளியே இழுத்தால் குத்தூசியின் குழிவில் அரிசி வருமே, அந்த இடத்தில் நுணுநுணுவென்று செம்மண் நிரம்பி வந்தது. கரையான். அதை உள்ளங்கையில் தட்டிக் காட்டினேன். அவர் சிரிப்பு அதோடு நின்றது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேஸிஸில் மேல்துரு மட்டும்தான், சுத்தியால் தட்டினால் கணீரென்று சத்தம் வந்தது. நாலு பிரேக் ட்ரம்மும் பிடித்துக்கொண்டு விட்டன. வயரிங்கை எலி தின்றிருந்தது, பழைய வண்டிகளில் வயர் மேல் நூல் சுற்றியிருக்கும், அதை எலி கூடு கட்ட உருவியிருந்தது. வெள்ளத் தண்ணீர் உள்ளே போனதா என்று எஞ்சின் ஆயில் தங்குகிற சம்ப், கியர்பாக்ஸ், பின் அச்சில் இருக்கிற டிஃபரன்ஷியல் மூன்றிலும் ஆயிலை இறக்கிப் பார்த்தோம். டிஃபரன்ஷியலில் மட்டும் மோர் நிறத்தில் வந்தது. உடனே டீசல் விட்டுக் கழுவிப் புது ஆயில் ஊற்றினோம். செலவு என்று பார்த்தால் இந்த ஒன்றுக்குத்தான் நான் யோசிக்காமல் சம்மதித்தேன், விட்டிருந்தால் பல் சக்கரம் துருவேறியிருக்கும்.

எஞ்சின் யாருடையது?

பானெட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே இருந்தது அம்பாசடர் எஞ்சின், 1489 சிசி. எம்.ஜி. டி.டி.க்கு வந்தது எக்ஸ்.பி.ஏ.ஜி. என்கிற 1250 சிசி எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்ப்பரேட்டரோடு. உதிரி பாகம் கிடைக்காத எழுபதுகளில் நம்மூரில் இதெல்லாம் சகஜம். இதில் ஒரு வேடிக்கை, அம்பாசடரில் வந்த அந்த 1489 சிசி வகைதான் டி.டி.க்குப் பிறகு வந்த எம்.ஜி.ஏ. காரின் முதல் எஞ்சினும். ஆக, போட்டது முழு அந்நியனும் இல்லை, ஒன்றுவிட்ட தம்பி. கியர்பாக்ஸ் பழையதுதான், இரண்டையும் சேர்க்க லேத்தில் கடைந்த ஒரு தடித்த தட்டு. யார் செய்தாரோ, வேலை அவ்வளவு சுத்தம்.

ஆனாலும் வாங்குகிறவருக்கு இது பெரிய விஷயம். பெரியவர் கேட்டார், "அண்ணாச்சி, பானெட்ட தொறந்து காட்டாம வெல பேச முடியாதா?" முடியாது என்றேன். எம்.ஜி. தேடி வருகிறவன் முதலில் திறப்பதே பானெட்டைத்தான்.

பழைய எஞ்சின் என்ன ஆனது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. முதலாளியிடம் முப்பது வருடம் ஓட்டுநராக இருந்தவர் சேரன்மகாதேவியில் இருக்கிறார் என்று அம்மா சொல்ல, போய்க் கேட்டோம். "அத யாரு வித்தா? பம்ப்செட்டு ரூமுல சாக்கு போட்டு மூடி வச்சாவ மொதலாளி, தொடக்கூடாதுன்னாவ" என்றார். போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருந்தது. யூரியா சாக்குக்கு அடியில் எஞ்சினின் உடலான பிளாக், கிராங்க் உள்ளேயே, ஹெட் தனியாக, கார்ப்பரேட்டர் இரண்டில் ஒன்று. ஃப்ளைவீல் பக்கத்தில் எண்கோண வடிவப் பித்தளைத் தகடு. வேட்டி நுனியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன், எண் தெளிவாகத் தெரிந்தது.

சம்ப்பைக் கழற்ற என்னிடம் வேலை பார்க்கும் தம்பி எந்த ஸ்பேனரைப் போட்டாலும் வழுக்கியது. போல்ட்டின் தலை விட்வொர்த் என்கிற பழைய இங்கிலாந்து அளவு, மரை மில்லிமீட்டர் அளவு. அந்த எஞ்சின் வம்சம் அப்படி, பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த இயந்திரங்களில் தொடங்கியதால் மரை மட்டும் மெட்ரிக்காகவே நின்றுவிட்டது. "தல ஒரு ஊரு, மரை ஒரு ஊரு" என்றான். காரின் டூல் பெட்டியிலேயே பழைய விட்வொர்த் ஸ்பேனர்கள் துருப்பிடித்துக் கிடந்தன, அவற்றை வைத்துத்தான் திறந்தோம்.

காகிதங்கள்

ஆர்.சி. அந்தக் காலத்துப் புத்தகம், காலிகோ துணி ஒட்டிய அட்டை. நல்ல வேளையாக அது பீரோவில் இருந்தது, காரில் இல்லை. முதல் பக்கத்தில் எக்ஸ்.பி.ஏ.ஜி. எண், நடுவில் 1975ஆம் வருட முத்திரையோடு எஞ்சின் மாற்றிய குறிப்பும் அம்பாசடர் எஞ்சின் எண்ணும். பித்தளைத் தகடும் முதல் பக்கமும் ஒத்துப்போயின. சேஸிஸின் முன்கொம்பில் குத்திய எண்ணைத் துரு மூடியிருந்தது. கிரைண்டர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, கம்பி பிரஷ்ஷால் அரை மணி நேரம் தேய்த்து, செல்லோடேப் ஒட்டிப் பென்சில் பிரிண்ட் எடுத்தோம். அதுவும் ஒத்துப்போனது. டி.டி.யின் சேஸிஸ் எண் வரிசை 251இல் தொடங்கும், தொழிற்சாலையின் தொலைபேசி எண் அதுதானாம். இதைச் சொன்னபோது அம்மா சிரித்தார்கள், அன்று முழுக்க அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டில் ஒரு கதை இருந்தது, மாஞ்சோலை எஸ்டேட் துரை வைத்திருந்த கார் என்று. புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தது வெள்ளைக்காரர் பெயர்தான், ஆனால் முகவரி தூத்துக்குடி. எஸ்டேட் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. விளம்பரத்தில் அந்தக் கதையைப் போட வேண்டாம் என்றேன். சின்னவருக்கு வருத்தம்.

உண்மையான சிக்கல் வேறு. முதலாளி இறந்தபின் பெயர் மாற்றவே இல்லை. அதற்குப் படிவம் 31 கொடுத்திருக்க வேண்டும், சட்டப்படி மூன்று மாதத்துக்குள். பதிவின் காலமும் எப்போதோ முடிந்திருந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டும், ஓடாத வண்டியை எப்படிக் காட்டுவது? வண்டி விவரம் கம்ப்யூட்டர் பதிவிலும் ஏறியிருக்கவில்லை. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், மூன்று பிள்ளைகளும் அம்மாவுக்கு ஆட்சேபணையில்லை என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தது, பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற விண்ணப்பம், இதற்கே ஐந்து மாதம் போயிற்று.

எடுத்த முடிவுகளும் காரணமும்

சின்னவருக்கு முழுசாகச் செய்து விற்கலாம் என்று ஆசை. செய்த வண்டிக்குத்தான் விலை என்பது உண்மை. ஆனால் டி.டி.க்கு மரக்கூடு, வயரிங், கூரைத்துணி எல்லாமே இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கும், காசு இருந்தால் போதும். அந்தக் காசும், வருடக்கணக்கில் நின்று பார்க்க ஆளும் இந்த வீட்டில் இல்லை. என் ஒர்க்‌ஷாப்பில் செய்கிறேன் என்று நானும் சொல்லவில்லை. ஆசை இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் ஆஷ் மரக்கூடு செய்கிற கை என்னிடம் இல்லை.

அதனால் உள்ளது உள்ளபடி விற்பது, எதையும் பூசாமல், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டாமல். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினால் விலை ஏறும் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த வண்டியில் ஓடப்போவது அம்பாசடர் எஞ்சின், அது ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? பம்ப்செட் ரூமில் கிடந்த பிளாக்தான் சரக்கு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழங்கால வண்டிகளுக்குத் தனிப் பிரிவு வந்தது. முதல் பதிவாகி 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதில் பதிவு கிடைத்தால் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அந்த வழியில் போக நினைக்கிறவருக்குச் சொந்த எஞ்சின் கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

இதற்குள் இரண்டு தவறு நடந்துவிட்டிருந்தது. ஒன்று, வெள்ளம் வடிந்த வாரம் குடோனைக் கழுவியபோது ஆட்கள் "இரும்புக் குப்பை" என்று கொஞ்சம் சாமானைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதில் கூரையை மடக்கித் தூக்கும் கம்பிச்சட்டமும் பக்கத்திரைச் சட்டங்களும் போய்விட்டன. இரண்டு, நான் முதலில் பார்த்துவிட்டுப் போன பிறகு ஊருக்கு வந்த சின்னவர் நல்லெண்ணத்தில் ஒரு பெயிண்டரைப் பிடித்து இடதுபக்க முன் மட்கார்டுக்கு மட்டும் பட்டி பார்த்துச் சிவப்பு அடிக்கச் சொல்லியிருக்கிறார். டாஷ்போர்டின் முதுகில் பார்த்தால் வண்டியின் சொந்த நிறம் பச்சை. பளபளவென்று நின்ற அந்த ஒரு மட்கார்டு மற்ற மூன்றையும் இன்னும் கிழடாகக் காட்டியது, அடியில் எதையோ மறைக்கிறார்கள் என்கிற சந்தேகத்தையும் கொடுத்தது.

வந்தவர்கள்

27 படம் எடுத்தோம். முதல் படம் பித்தளைத் தகடு, இரண்டாவது குத்தூசியும் செம்மண்ணும். பெரியவர் தயங்கினார், ஓட்டையைக் காட்டி எந்தக் கடைக்காரன் பானை விற்றான் என்று. குறை என்னென்ன என்று ஒரு முழுப்பக்கம் எழுதி, காணாமல் போனதையும் சேர்த்து, கேட்டவர்களுக்கு எல்லாம் அனுப்பினோம்.

முதலில் வந்தவர் பக்கத்து ஊர் வியாபாரி. 2,75,000 என்றார். "கரையான் தின்ன கட்டைக்கு இதுக்கு மேல எவன் குடுப்பான், சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். எஞ்சின் பிளாக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் கண் மட்டும் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது ஆள் கல்யாண ஊர்வலத்துக்கும் போட்டோ எடுப்பதற்கும் வாடகைக்கு விட வேண்டும் என்றார். புது ஜப்பான் எஞ்சின் போட்டு, ஏசி வைத்து ஓட்டப் போகிறாராம். பழங்கால வண்டிப் பதிவில் வாடகைக்கு விட முடியாது என்றேன், அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கடைசியில் விற்ற விலையைவிட 40,000 அதிகம் தரத் தயார், ஆனால் பாதி ரொக்கம், பெயர் மாற்றுவதற்கான படிவம் 29உம் 30உம் வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிக்காது. அதைவிடப் பெரியது வெற்றுப் படிவம். பதிவேட்டில் யார் பெயரோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுபது வயது தாண்டிய அம்மாவை அதில் நிறுத்த முடியுமா? பெரியவருக்கு அந்த 40,000 மனசில் உறுத்தியது, இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மூன்றாவதாக வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். ஏற்கெனவே ஒரு டி.டி. வைத்திருக்கிறார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, டார்ச்சும் சின்ன காந்தமும் எடுத்துக்கொண்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் ஒன்றரை மணி நேரம் படுத்துக் கிடந்தார். வெளியே வந்து நாங்கள் எழுதிய பக்கத்தை எடுத்து, அதில் இல்லாத ஒரே ஒரு குறையைச் சொன்னார், பெட்ரோல் டேங்கின் அடியில் ஊசித்துளைகள். எங்களுக்கே அது தெரியாது. எழுதிச் சேர்த்தோம். சிவப்பு மட்கார்டில் காந்தத்தை வைத்தார், பட்டி இருந்த இடத்தில் நிற்காமல் கீழே விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் எங்களைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்குத்தான் பேரத்தில் அதிகம் இழந்தோம் என்று நினைக்கிறேன்.

விலையும் ஒப்படைப்பும்

தொகையை எழுத வேண்டாம் என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள். முதல் வியாபாரி கேட்டதைப் போல நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. கூரைச் சட்டத்துக்கும் இல்லாத கார்ப்பரேட்டருக்கும் வாங்கிய கோயம்புத்தூர்க்காரர் கழித்தது நியாயம்தான். முழுத்தொகையும் வங்கி வழியாக அம்மா கணக்குக்கு வந்த பிறகே கட்டையிலிருந்து வண்டியை இறக்கினோம்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் அழுத்தி எழுதினோம். குறைப்பட்டியல் ஒப்பந்தத்தின் பகுதி. பதிவு வேலை முழுக்க வாங்கியவர் பொறுப்பு, வீட்டார் எப்போது கூப்பிட்டாலும் கையெழுத்துக்கு வருவார்கள். பதிவு முடியும்வரை வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது. லாரியில் ஏற்றிய தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். பிளாக்கைத் தனிப்பெட்டியில் உமி நிரப்பி வைத்தோம், ஆலையில் உமிக்கா பஞ்சம்.

ஏற்றும்போது பிரேக் பிடித்த சக்கரம் உருளாமல் இழுபட்டது. ஆலையில் மூட்டை இறக்குகிறவர்கள் ஆறு பேர் வந்து, பலகை போட்டுச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தள்ளி ஏற்றினார்கள். அம்மா வாசல்வரை வரவில்லை.

பிறகு நடந்தது

நாலு மாதம் கழித்து அவர் படம் அனுப்பினார். பாடித் தகடெல்லாம் சுவரில் சாய்ந்திருக்கிறது, பழைய மரக்கூடு தரையில், அதில் கரையான் விட்டு வைத்தது மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நான் பாதி போயிருக்கும் என்று எழுதியிருந்தேன், தவறான கணிப்பு. அவர் அதற்காக ஒன்றும் கேட்கவில்லை, "குறைத்து எழுதினீர்கள் என்றாலும் மறைக்கவில்லையே" என்றார். பிளாக்கில் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு வந்துவிட்டதாம். அம்பாசடர் எஞ்சினையும் அந்த லேத் தட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்.

இன்னொரு தடவை என்றால்

2011இலேயே படிவம் 31 கொடுக்கச் சொல்லியிருப்பேன். அந்த வருடமெல்லாம் அவர்கள் வீட்டு அம்பாசடர் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தது, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மரத்தைக் கதவுக்குக் கீழே மட்டும் குத்திப் பார்த்தது போதாது, பின்பக்க டேங்க் வரை நாலைந்து இடத்தில் பார்த்திருக்க வேண்டும். டேங்க்கில் தண்ணீர் நிரப்பிப் பார்த்திருந்தால் அந்தத் துளையும் எங்கள் பட்டியலிலேயே வந்திருக்கும். மட்கார்டு விஷயத்தில் நான் செய்யக்கூடியது ஒன்று இருந்தது, வந்த முதல் நாளே இனி யாரும் இதில் கை வைக்கக் கூடாது என்று மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பெரியவரிடம் மட்டும் சொன்னேன்.

குடோனைக் கழுவும்முன் காரைச் சுற்றி நாலு அடிக்குள் கிடந்த எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிப் போட்டிருந்தால் கூரைச் சட்டம் போயிருக்காது. பழைய இரும்புக் கடையில் தேடியபோது பக்கத்திரைச் சட்டம் ஒன்றுதான் கிடைத்தது. கூரைச் சட்டம் கடைக்கே போகவில்லை என்பது சமீபத்தில்தான் தெரிந்தது. அன்று கழுவ வந்தவர்களில் ஒரு அக்கா அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புழக்கடையில் அவரைப் பந்தலுக்குக் கால் நட்டிருக்கிறார். கோயம்புத்தூர்க்காரரிடம் சொன்னதும் உடனே அனுப்பச் சொல்கிறார். கொடி பூத்திருக்கிறது, காய்த்து முடிந்ததும் கழற்றித் தருகிறேன் என்று அந்த அக்கா சொல்லியிருக்கிறார்.